ஒட்டிலி கூப்பிடாத மதியம்

ஜனவரி 9, 1952

ஷூமேக்கர் குடும்பமும் போய்விட்டது, காலை வண்டியில். வழக்கம்போல அவர்கள் வீட்டு டெலிபோன் இணைப்பை போர்டிலிருந்து எடுத்தேன். ரயில்வே தன் எஞ்சின் கொட்டகையை கார்னெட்டுக்கு மாற்றிய நாளிலிருந்து ப்ரிக்ஸ்பியில் எனக்கு இதுவே பாதி வேலை. ஊர் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று தெரிந்துகொள்ள நான் வெளியே போக வேண்டியதில்லை, இந்த எக்ஸ்சேஞ்ச் போர்டைப் பார்த்தால் போதும். வடக்குத் தெரு வரிசை முழுக்க வெறும் துளைகள்.

ஷூமேக்கர் மனைவி என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போனாள். ஏன் சொல்ல வேண்டும்? இத்தனை வருஷத்தில் நான் அவளிடம் பேசியது "நம்பர் சொல்லுங்க" என்பது மட்டும்தான்.

ஜனவரி 14

மதியம் ஒட்டிலி கிரான்ஸ் கூப்பிட்டாள். தினமும் கூப்பிடுகிறவள்தான். ஊருக்கு மேற்கே, தண்டவாளத்தை ஒட்டினாற்போல அவள் பண்ணை. புருஷன் செத்த பிறகு தனியாகத்தான் இருக்கிறாள். அந்த லைனில் இப்போது வேறு வீடே இல்லை.

"ஹில்மா, மதிய வண்டி வந்துருச்சா?"

"வந்துட்டுப் போயிருச்சு, மிசஸ் கிரான்ஸ்."

"நல்லது. லேட்டோன்னு நெனச்சேன்."

அவள் கேட்கும்போதே வண்டி அவள் ஜன்னலை உரசிக்கொண்டு ஓடுகிற சத்தம் எனக்குப் போனில் கேட்கும். தட்டுகள் அதிர்வதுகூடக் கேட்கும். எனக்குக் கேட்கிறது என்று அவளுக்குத் தெரியுமோ என்னவோ. நான் அவளிடம் விசாரித்ததில்லை. விசாரித்து, அவள் வெட்கப்பட்டுக் கூப்பிடாமல் இருந்துவிட்டால்?

பிறகு முட்டைக்கோஸ் பற்றிப் பேசினோம். ஊறுகாய்ப் பானையில் உப்பைக் கொட்டுகிற ஸ்வீடன்காரர்களை அவளுக்குப் பிடிக்காதாம். நானும் ஸ்வீடன்காரிதான் என்றேன். "தெரிஞ்சுதான் சொன்னேன்" என்றாள்.

ஜனவரி 15

இன்று பேசிய வார்த்தைகளில் நம்பரைக் கழித்தால் மீதி ஒட்டிலியோடு பேசியதுதான்.

ஜனவரி 27

ஞாயிறு. கோவிலில் என் வரிசையில் நான் மட்டும். பாதிரியார் மனைவி என் குரலைக் கேட்டுத்தான் திரும்பிப் பார்த்தாள். "ஓ, நீங்கதானா ஹில்மா? முகம் மறந்தே போச்சு" என்றாள். நல்ல மனுஷிதான். மனசில் வைத்துச் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்து உருளைக்கிழங்கு வேகவைத்தேன். ரெண்டு பேருக்கு ஆகிற அளவுக்கு விழுந்துவிட்டது.

பிப்ரவரி 1

ரெண்டு நாளாகப் பனி. பண்ணைச் சாலைகள் எல்லாம் மூடிவிட்டன. தண்டவாளம் மட்டும் திறந்திருக்கிறது, எஞ்சின் முன்னால் கலப்பை கட்டிப் பனியைத் தள்ளுகிறார்கள்.

பிப்ரவரி 2

தூக்கம் வரவில்லை. நடந்ததை எழுதினால் வருமோ.

மதிய வண்டி வந்தது, போனது. போர்டில் ஒட்டிலி லைனின் விளக்கு எரியவில்லை. அடுப்படியில் கைவேலையாக இருப்பாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நானே மணி அடித்தேன். எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தேன். இந்தப் பனியில் அவள் எங்கே போவாள்?

ஸ்டேஷனுக்கு போன் போட்டேன். ஸ்டேஷன் மாஸ்டர் எம்மெட் ஹேல் எடுத்தார். சொன்னேன்.

"சாலை மூடிக் கெடக்கே, ஹில்மா."

"தண்டவாளம் தொறந்திருக்கே. ரஃபேலோட ட்ராலியில போகலாமே." ரஃபேல் ஒர்டேகாதான் இங்கே தண்டவாள வேலைக்காரர்களுக்கு மேஸ்திரி.

"சரக்கு வண்டி வந்துட்டிருக்கு. அது போற வரைக்கும் லைன்ல ட்ராலி வைக்க முடியாது."

"அப்ப அந்த சரக்கு வண்டியையே நிறுத்துங்க."

"அது இங்க நிக்கிற வண்டி இல்ல."

போர்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து மாற்று ஆள் இல்லாமல் அந்த நாற்காலியை விட்டு நான் எழுந்ததில்லை. தெருவில் ஓடிக்கொண்டேதான் என் கோட்டை மாட்டினேன். ஹேல் தன் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். ரஃபேல் கணப்புக்குப் பக்கத்தில் கையுறையைக் காயவைத்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கு நிறுத்தினேன்னு மேல கேட்டா நான் என்னன்னு சொல்றது?" என்றார் ஹேல்.

"ஹில்மா சொன்னான்னு சொல்லுங்க."

"ஹில்மான்னா அவங்களுக்கு யாருன்னு தெரியும்?"

அவர் குத்திக்காட்டவில்லை, உள்ளதைத்தான் சொன்னார். ஆனாலும் அழுகை வந்துவிடக் கூடாது என்று ரஃபேலைப் பார்த்தேன். அவர் ஹேலிடம், "சார், அந்தம்மா ஒரு நாள் எங்க ஆளுங்க ஏழு பேருக்கும் சூப் குடுத்துச்சு. கூப்பிட்டு உள்ள உக்காரவச்சுக் குடுத்துச்சு" என்றார். ஹேல் எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டு சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

வண்டி நின்றது. டிரைவர் கத்தினான். ஹேல் அவனைவிட சத்தமாகக் கத்தினார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. ரஃபேலும் நானும் கார்டு பெட்டியில் ஏறினோம்.

அவள் வீட்டுப் புகைபோக்கியில் புகை இல்லை. வண்டி நின்றதும் குதித்து ஓடினேன்.

அடுப்படித் தரையில் கிடந்தாள், உயிரோடு. காலையில் விறகு எடுக்கத் திரும்பினவள் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டிருந்தாள். அடுப்பு அணைந்துபோயிருந்தது. கைக்கு எட்டிய மேசை விரிப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தாள். போன் சுவரில் இருந்தது, எட்டாத உயரத்தில்.

நாங்கள் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. என்னைப் பார்த்து, "யாரு?" என்றாள்.

"நான்தான்."

குரலைக் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டாள். "நீ அடிச்சுக்கிட்டே இருந்த பொண்ணே. கேட்டுக்கிட்டே கெடந்தேன்."

ரஃபேல் ஒரு கதவைக் கழற்றினார். அதில் படுக்கவைத்து, டிரைவரும் கார்டும் ஆளுக்கொரு பக்கம் பிடிக்க, வண்டியில் ஏற்றி கார்னெட் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வழி முழுக்க என் கை அவள் கைக்குள். எலும்பும் தோலுமான சின்னக் கை. குரலை வைத்து அவளைப் பெரிய உடம்புக்காரி என்று நினைத்திருந்தேன்.

பிப்ரவரி 5

கம்பெனியிலிருந்து மேலாளர் பேசினார். போர்டு ஆளில்லாமல் கிடந்ததாக ஊரிலிருந்து புகார். ஒருவருக்குப் பன்றி விலை விசாரிக்க முடியாமல் போயிற்றாம். எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள்.

ரெண்டு நாளாக ஊர் மொத்தமும் ஒரே கேள்வி. "சனிக்கிழமை ஏன் எடுக்கல?" சொன்னேன். "அப்படியா, பாவம்" என்றுவிட்டு நம்பர் கேட்டார்கள். ஒட்டிலி எப்படி இருக்கிறாள் என்று ஹேல் மட்டும் விசாரித்தார். அவருக்கும் மேலிருந்து திட்டு விழுந்திருக்கிறது. ரஃபேல் சொல்லித்தான் தெரியும்.

மதிய வண்டி போகும்போது போர்டைப் பார்க்காமல் இருக்கப் பழக வேண்டும்.

பிப்ரவரி 17

ஆஸ்பத்திரிக்குப் போனேன். எத்தனை ஆசையோடு போனேன். போய் உட்கார்ந்தால் இருவருக்கும் பேச்சே வரவில்லை. அவள் என் காதைப் பார்த்தாள், நான் அவள் போர்வையைப் பார்த்தேன். "பனி குறைஞ்சிருக்கு" என்றேன். "ஆமா" என்றாள். யாரோ ரெண்டு அந்நியர்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த மாதிரி. திரும்பிப் போகிற வண்டிக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

எழுந்து ஜன்னலோரம் போய் வெளியே பார்த்தபடி, "சாப்பாடு எப்படி இங்க?" என்றேன்.

"கொடுமை. சமையல்காரி ஸ்வீடன்காரி போலிருக்கு."

சிரித்துவிட்டேன். அவளைப் பார்க்கத் திரும்பப்போனேன்.

"திரும்பாத. அப்படியே நில்லு. இப்பதான் நீ ஹில்மா மாதிரி இருக்க."

அப்படியே நின்றுகொண்டு, கண்ணாடியைப் பார்த்துப் பேசினேன். வண்டி வருகிற வரைக்கும் பேசினோம்.

மார்ச் 23

டென்வரிலிருந்து ஒட்டிலியின் மகன் வால்டர் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். பண்ணையை விற்றுவிட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிற யோசனை.

"மாடியில ஒரு ரூம் வச்சிருக்கானாம் எனக்கு. இந்தக் காலோட எப்படிடா ஏறுவேன்னேன். ஒரு தடவை ஏத்திவிட்டுட்டா எறங்க வேண்டியதில்லையேம்மான்னான்."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அப்புறம் ரொம்ப நேரம் சிரிக்கவில்லை. தனியாக அவளை அந்தப் பண்ணையில் விடமாட்டானாம். அவன் சொல்வதிலும் தப்பில்லையே.

மே 12

அறிவிப்பு வந்துவிட்டது. செப்டம்பரில் ப்ரிக்ஸ்பிக்கு தானியங்கி போன் வருகிறது. அவரவரே எண்ணைச் சுழற்றிக்கொள்வார்கள். எக்ஸ்சேஞ்சை மூடுகிறார்கள், பின்னாலிருக்கிற என் ரெண்டு அறைகளோடு சேர்த்து.

எங்கே போவேன்? லிங்கனில் தங்கை இருக்கிறாள். கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை அனுப்புகிறவள், வா என்று எழுதினதில்லை.

மே 18

இன்று ஒட்டிலியிடம் கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனேன். வாய் வரவில்லை. ஜன்னலைப் பார்த்து நின்றும் வரவில்லை. வேலை போனதும் வீடு தேடி வந்து ஒட்டிக்கொள்கிறாள் என்று நினைத்துவிட்டால்? வண்டியில் வரும்போது என்னையே திட்டிக்கொண்டேன். இந்த வயசில் இவ்வளவு பயமா உனக்கு?

மே 20

கேட்டுவிட்டேன், போனில். கார்னெட்டுக்கு நானே லைன் போட்டு, நர்ஸைக் கெஞ்சி, அவளை நாற்காலியில் தள்ளிக்கொண்டுவரச் சொன்னேன்.

"செத்துட்டாங்களா யாராவது?" என்றுதான் ஆரம்பித்தாள்.

"இல்ல. நீங்க பண்ணைக்குத் திரும்பிப் போனா... நானும் வந்து கூட இருக்கட்டுமா? அப்ப நீங்க தனி இல்லன்னு வால்டர்கிட்ட சொல்லலாமே."

லைன் அறுந்துவிட்டதோ என்று செருகியை அழுத்திப் பார்த்தேன்.

"கோழிக்கூடு சுத்தம் பண்ணணும்" என்றாள்.

"எனக்குத் தெரியாதே."

"கத்துக்கணும். சமையல் நான்தான். நீ உப்பு ஜாடிகிட்டயே வரக்கூடாது."

"சரி."

"வால்டரை நான் பாத்துக்கறேன்." மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "மூணு மாசமா வந்து வந்து ஜன்னலைப் பாத்துட்டுப் போற. இதைச் சொல்ல இவ்வளவு நாளா, பொண்ணே?"

செப்டம்பர் 6

போர்டில் கடைசி நாள். வால்டர் ஒத்துக்கொண்டுவிட்டான், இனி ஒட்டிலியும் நானும் பண்ணையில்தான். கடைசியாகக் கூப்பிட்டது யாரோ ஒரு விதை வியாபாரி, அதுவும் தப்பான நம்பர். ஹேல் வந்து என் பெட்டியை ஸ்டேஷன் வரை தூக்கிக்கொண்டு நடந்தார். பெட்டியை வைத்துவிட்டு, "ஞாயித்துக்கிழமைல சூப் உண்டா அங்க?" என்று கேட்டார்.

அக்டோபர் 19

பல நாளாக எழுதவில்லை. ரெண்டு சேவல்கள் என்னைக் கொத்தின. ஒட்டிலி தடியை ஊன்றிக்கொண்டு வாசற்படி வரை தானாக இறங்கினாள். இறங்கியதும் நான் வெங்காயம் நட்ட விதம் சரியில்லை என்றாள். அதில் ஆரம்பித்த சண்டை மறுநாள் சாப்பாடு வரைக்கும் ஓடியது.

இன்று மத்தியானம் ரஃபேல் ட்ராலியை நிறுத்திவிட்டு வந்தார். காற்றில் கம்பம் சாய்ந்து எங்கள் வீட்டு லைன் அறுந்து கிடக்கிறதாம். நாலு நாளாகவே அப்படித்தான் கிடக்கிறதாம். கம்பெனிக்குச் சொல்லிவிட்டாராம்.

"நாலு நாளா போன் செத்துக் கெடக்கு. ரெண்டு பேரும் கவனிக்கலையா?"

ஒட்டிலி சுவரில் இருந்த போனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், நேராக.

"எங்க கவனிக்க? பேசிக்கிட்டுல்ல இருந்தோம்."