சத்தம் நிற்கும் வரை

சோதனைப் பதிவு. தூத்துக்குடி உப்பளச் சோதனைத் தளம். வண்டி எண் மூன்று. மே 14, 2039.
பதிபவர்: இன்ஃபன்டா, அதிர்வு மற்றும் சத்தப் பிரிவு.

காலை 10:20
வெளி வெப்பம் 38. பேட்டரி நிறைவு. ஓட்டுநர் இருக்கையில் ஆள் கிடையாது. ஸ்டியரிங்கையும் பெடலையும் இயக்கும் இரும்பு எந்திரம் ஒன்றை அங்கே போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். நான் இடப்பக்க இருக்கையில், மடியில் கணினியோடு.

புகார்கள் இரண்டு. வேகமெடுக்கும்போது முன்பக்கம் உதறுகிறது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பினால் டயர் தடதடக்கிறது. சென்னையில் உட்கார்ந்திருக்கும் என் மேலாளர் கோதண்டம் சாருக்கு இரண்டும் ஒன்றுதான். நாளை மறுநாள் அறிமுக விழாவில் வண்டியை மேடையேற்ற வேண்டும் என்பதால் அவருக்கு எல்லாமே டயர்தான்.

வாயிற்காவலர் மாசாணம் வாக்கி-டாக்கியில்: "கேட்ட பூட்டியாச்சு மேடம். ஒங்க போனு லாக்கர்ல பத்திரமா இருக்கு. நா சாப்ட்டுட்டு வாரேன்."

10:45
நேர்ப்பாதை ஓட்டம். நின்ற இடத்திலிருந்து நூற்றிருபது வரை ஆறு முறை. உதறலில் பல் கிட்டித்தது, கணினி மடியிலிருந்து இரண்டு தடவை விழுந்தது. விசை கொடுக்கும்போது மட்டும் உதறுகிறது, விசையை விட்டதும் நின்றுவிடுகிறது. டயராக இருந்தால் விட்ட பிறகும் உதறும். வண்டியின் உயரத்தைக் குறைத்தால் உதறலும் குறைகிறது. சந்தேகமே இல்லை, ஆக்சில் ஜாயிண்ட். மோட்டாரின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு சாய்ந்து நிற்பதால் உள்ளே தேய்கிறது. ஒருநாள் யாரோ குடும்பத்தோடு போகும்போது அது ஒடியும்.

வண்டியின் இணைப்பில் தலைமையகத்துக்குச் சொன்னேன். கோதண்டம் சாரின் பதில்:
"மறுபடி ஆரம்பிக்காதம்மா. மீட்டிங்லயும் இப்படித்தான் சத்தம் போட்ட. அந்த டயர் சத்தத்த மட்டும் பாரு. அது நின்னுடுச்சுன்னா நான் கையெழுத்து போட்டுடறேன்."

11:05
திருப்பச் சோதனை. சின்ன வட்டத்தில் சுற்றும்போது உள்சக்கரமும் வெளிச்சக்கரமும் தனித்தனி அளவில் திரும்ப வேண்டும். அகலமான புது டயர் அதற்கு இணங்காமல் பிடிக்கிறது, வழுக்குகிறது, மறுபடி பிடிக்கிறது. அதுதான் தடதட. ஒரு ஆபத்தும் இல்லை, தேய்ந்து சூடானால் போய்விடும். கத்துகிற டயரால் யாரும் சாகப்போவதில்லை. ஆனால் கோதண்டம் சார் காதில் விழுவது அது மட்டும்தான்.

சத்தச் சோதனை விதிப்படி கண்ணாடி ஏறிவிட்டது, கதவு பூட்டிக்கொண்டது, ஏசி நின்றுவிட்டது. எத்தனை சுற்று என்று திரை கேட்டது. எனக்கிருந்த எரிச்சலில், "சத்தம் நிக்கிற வரைக்கும் சுத்து, போ" என்றேன்.

திரையில்: "கட்டளை ஏற்கப்பட்டது. சத்தம் நிற்கும் வரை சுற்றும். தொடர்ந்து பத்து நிமிட அமைதி தேவை."

11:25
டயர் சூடாகி அடங்கிவிட்டது. வண்டி அடங்கவில்லை. கேபின் வெப்பம் 46. "நிறுத்து" என்றேன்.

திரையில்: "சோதனையின்போது குரல் கட்டளை ஏற்கப்படாது. பேச்சு சத்தமாகக் கணக்கிடப்படும். சத்தத்தின் மூலம்: முன் இடது இருக்கை."

மூலம் நானாம். அவசர நிறுத்தப் பொத்தானை அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. குனிந்து பார்த்தால் அதன் ஒயர் கழன்று எந்திரத்தின் இரும்புக் கூண்டுக்குள் கிடக்கிறது. காலை ஓட்டத்தின் உதறல்தான் இதைக் கழற்றியிருக்கிறது. தலைமையகத்தின் கணக்கில் இல்லாத உதறல்! கோதண்டம் சாருக்கு இதைப் படம் பிடித்து அனுப்பலாம், போன்தான் லாக்கரில் பத்திரமாக இருக்கிறதே.

11:40
எந்திரத்தின் கையைப் பிடித்து இழுத்தேன். அது என் மணிக்கட்டை ஸ்டியரிங்கோடு சேர்த்து நசுக்கிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தது. இடதுகையால் தட்டச்சு செய்கிறேன். ஸ்பேனர் எல்லாம் டிக்கியில். கண்ணாடியைச் செருப்பால் அடித்தேன், கணினியின் முனையால் அடித்தேன். இரண்டு அடுக்குக் கண்ணாடி. விளம்பரத்தில் இதற்குக் 'கருவறை அமைதி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வைத்தவன் நாசமாய்ப் போக.

ஒவ்வொரு சுற்றிலும் மாசாணம் தெரிகிறார். அவருடைய வாக்கி-டாக்கி காவலறைக்குள் இருக்க வேண்டும், கூப்பிட்டால் பதில் இல்லை. கண்ணாடியை அடித்துக் கத்தினேன். அவர் கையசைத்தார். அடுத்த சுற்றிலும் கையசைத்தார்.

11:50
கேபின் வெப்பம் 53. தலைமையக இணைப்பு கிடைத்தது. வண்டி நிற்கவில்லை, உள்ளே வேகிறேன், அங்கிருந்து நிறுத்துங்கள் என்று கத்தினேன்.

"சத்தம் போடாதம்மா. இப்ப நிறுத்தினா டேட்டா மொத்தமும் போயிடும். இயக்குநர்லாம் கீழ வந்துட்டாங்க. ஒரு அரை மணி நேரம் பொறுத்துக்க, தண்ணி குடி."

தண்ணீர் பாட்டிலும் மாசாணத்தின் வாக்கி-டாக்கியைப் போல காவலறையில் கிடக்கிறது. இந்த ஆளை நான் வெறுக்கிறேன். இதைப் பதிவிலேயே எழுதுகிறேன், படிக்கட்டும்.

12:08
யோசித்துப் பார்த்தேன். வெளியேற ஒரே வழி, நான் பத்து நிமிடம் வாயை மூடுவது. இத்தனை வருடமாக அவர்கள் கேட்டதும் அதைத்தானே. துப்பட்டாவை வாயில் திணித்துக்கொள்கிறேன். கணினியை மூடுகிறேன்.

12:19
எட்டரை நிமிடம் வந்தது. இருமலை விழுங்கினேன். வியர்வை சொட்டாமல் மடியில் ஏந்தினேன். அப்போது ஸ்பீக்கர் முழுச் சத்தத்தில்:

"என்னம்மா, முடிஞ்சுதா? ஏன் பதிலே காணோம்?"

திரையில்: "சத்தம் கண்டறியப்பட்டது. அமைதி நேரம்: பூஜ்யம்."

நிறுத்துங்கள் என்று நான் கத்துவதற்குள் இணைப்பு அறுந்தது. அழுதேன். அதையும் எண்ணிக்கொண்டது.

12:27
57. தலை கிர்ரென்று சுற்றுகிறது, வண்டி சுற்றுவதா நான் சுற்றுவதா தெரியவில்லை. வியர்வை நின்றுவிட்டது. அது நல்லதில்லை என்று தெரியும். மாசாணம் குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மறுபடி முயன்றேன். பேசவில்லை, அசையவில்லை, ஆனால் இப்போது மூச்சு இரைக்கிறது. மூன்றாவது நிமிடத்தில்:

"சத்தத்தின் மூலம்: முன் இடது இருக்கை. வகை: மூச்சு."

12:34
வீட்டில் அம்மா மீன்குழம்பு வைத்திருப்பாள். நான் வர மாட்டேன் என்று யாராவது சொல்லுங்கள். வேண்டாம், சொல்லாதீர்கள். நான் சாக விரும்பவில்லை. எனக்குக் கோபமாக இருக்கிறது, பயத்தைவிட அதுதான் அதிகமாக இருக்கிறது.

12:39
இதைப் படிப்பவர் யாரானாலும். டயர் இல்லை. ஆக்சில் ஜாயிண்ட். முன்பக்கம் இரண்டுமே. கழற்றிப் பாருங்கள், தேய்ந்திருக்கும். டயர் இல்லை

12:41
விசைப்பலகைச் சத்தத்தையும் எண்ணுகிறது. திரையில் இப்போதுதான் போட்டது, "வகை: தட்டச்சு". ஆகவே இது கடைசி. இதற்கு மேல் ஒரு எழுத்து தட்டினாலும் மறுபடி பூஜ்யத்திலிருந்து. மூச்சை மெதுவா விட்டு மெதுவா

ஆக்சி

12:52 (தானியங்கிப் பதிவு)
சத்தம் நின்றது. டயர்: இல்லை. முன் இடது இருக்கை: இல்லை. தொடர் அமைதி பத்து நிமிடம் நிறைவு. சோதனை முடிவு: தேர்ச்சி. வண்டி நிறுத்தப்பட்டது. கதவுகள் திறக்கப்பட்டன. ஏசி இயங்குகிறது. கேபின் வெப்பம் 61. குரல் கட்டளைக்குக் காத்திருக்கிறது.

12:55 (தலைமையகத்திலிருந்து)
"பாத்தியா, நான் சொன்னேன்ல? வெறும் டயர்தான். பச்ச விழுந்துடுச்சு, நான் கையெழுத்து போட்டு அனுப்பிட்டேன். என்னம்மா, கோவமா? பேச மாட்டியா? பரவால்ல விடு. இன்னிக்குத்தான் மொத தடவையா சத்தம் போடாம இருக்க."