மிச்சமிருக்கும் ஒரு கோழிக்கு

குட்டிம்மா,

உலகம் உள்ளவரை அசையாமல் நிற்கப்போகும் கோழிக்கூண்டு ஒன்றை உன் அப்பா நேற்று கட்டி முடித்துவிட்டார். காற்றடித்தால் பறந்துவிடும் என்பதால் நான்கு மூலையிலும் செங்கல் வைத்திருக்கிறார்.

ஆட்டுப்பட்டிக்குப் போடும் கம்பி வலையை வில்லாக வளைத்து மரச்சட்டத்தில் கட்டியது. வளைக்கும்போது வலை ஒருமுறை நிமிர்ந்து அப்பாவின் தாடையைப் பதம் பார்த்தது. “நல்லா வேணும்” என்றாள் அம்மா.

நீ வரும்போது அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போயிருப்பார்கள்; சாப்பாடு மூடி வைத்திருக்கிறது. வீட்டுச் சாவி மீட்டர் பெட்டிக்குள். கோழியை உள்ளே விட்டு, தினமும் செங்கல்லை எடுத்துவிட்டு, அடிப்பக்கம் திறந்த அந்தக் கூண்டைப் புல் இருக்கும் பக்கமாக இழுத்து வை.

“ஞாயித்துக்கிழமை கட்டிடறேன்டா” என்று எட்டு வாரம் சொன்னது அப்பாதான். தெரு நாய் அதுவரை காத்திருக்கவில்லை. மூன்று கோழி போன அன்று, “இனிமே யாருக்குப்பா கூண்டு?” என்று கேட்டாய். அதோடு பேச்சை நிறுத்தி ஐந்து நாளாகிறது. வந்து திட்டவாவது செய்யம்மா.

அப்பா

பி.கு: கூண்டின் மேல் கோழியின் பெயரை எழுதலாம் என்று அப்பா பெயின்ட் டப்பாவைத் திறந்தார். அப்படியே மூடி வைத்துவிட்டார். அதற்கு நீ என்ன பெயர் வைத்தாய் என்று அப்பாவுக்குத் தெரியாது.