மாமா, அக்கா கழுகைப் பார்த்துவிட்டாள்

கறிக்குழம்புக்கும் கழுகுக்கும் ஒரே வேகத்தில் ஓடிவரும் என் மாமாவுக்கு,

நல்ல சேதி. ஒகேனக்கல்லில் எதிர்க்கரை மருதமரத்து மீன்கழுகுக் கூட்டை அக்கா பார்த்துவிட்டாள்! “உங்க அக்கா எத்தனையோ தடவை பாத்தவதானே?” என்பீர்கள். அதைத்தான் சொல்ல வந்தேன், கோபப்படாமல் கேளுங்கள்.

நீங்கள் எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்த பிறகு, பறவை பார்க்கும் உங்கள் தொலைநோக்கியை, அந்த ஸ்கோப்பை, யாரும் தொடவில்லை. மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை பிடித்துவிட்டது. புதுசு வாங்கலாம் என்று அக்காவிடம் சொன்னபோதுதான் குட்டு உடைந்தது.

“அதுல எனக்கு ஒருநாளும் ஒண்ணும் தெரிஞ்சதில்லடா. சுத்தியும் கருப்பு, நடுவுல பொட்டு வெளிச்சம். அவரு அவ்வளவு ஆசையா கூப்புடுவாரு. மொகம் வாடிருமேன்னு ‘தெரியுதுங்க’ன்னு சொல்லிருவேன்.”

அடக் கடவுளே! குஞ்சு எத்தனை என்று கேட்பீர்களே, அவள் குத்துமதிப்பாக “ரெண்டு” என்பாள். உங்களுக்கு ஒன்றுதான் தெரிந்திருக்கும். “உன் கண்ணு கூர்மைடி” என்று நோட்டில் இரண்டு என்றே எழுதிக்கொள்வீர்கள். சிரிப்பதா, உங்களுக்காக வருத்தப்படுவதா?

எப்படியும் அவளுக்குக் காட்டியே தீர்வது என்று முடிவு செய்தேன். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா புத்தி விடுமா? மூன்று மாடல்களுக்கு ஒப்பீட்டுப் பட்டியல் போட்டேன். நமக்குக் கேட்கத் தெரிந்தது ஒன்றுதானே, “எத்தனை எக்ஸ்?” அறுபது மடங்கு பெரிதாகக் காட்டுவதை முதலில் வைத்தேன். இன்னொன்றில் பார்வைப் பரப்பு முப்பத்தெட்டு மீட்டர் என்றிருந்தது. நம் தெருமுனைகூடத் தெரியாதே என்று சிவப்பு மையில் அடித்துவிட்டேன்.

அக்காதான் பக்கத்திலிருந்த பொடி எழுத்தைப் படித்தாள். “டேய், ஆயிரம் மீட்டர் தூரத்துல அத்தனை அகலம் தெரியுமாம்டா! இதப் போயி அடிச்சு வச்சிருக்கற! கண்ணாடி போட்டவங்களுக்குன்னு எங்கனா போட்டிருக்குதா பாரு.”

இருந்தது. ஐ ரிலீஃப் என்று ஒரு வரி. கண்ணை லென்ஸிலிருந்து எவ்வளவு தூரம் வரை தள்ளி வைத்தால் முழுக்காட்சி தெரியும் என்பதற்கான அளவு. அறுபது எக்ஸ்காரனில் பன்னிரண்டு மில்லிமீட்டர்தான், நான் அடித்ததில் பதினெட்டு. அக்காவின் தடித்த கண்ணாடிக்குப் பன்னிரண்டு எங்கே பத்தும்? உங்கள் பழையதிலும் அதே கோளாறுதான். அதோடு, மடங்கு ஏற ஏற வெளிச்சம் மங்குமாம், முன்லென்ஸ் சின்னதாக இருந்தால் இன்னும் மோசமாம். இதெல்லாம் தெரியாமலே இத்தனை வருஷம் எக்ஸ் எக்ஸ் என்று அலைந்திருக்கிறோம். சிவப்பு மை பட்டதையே வாங்கினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆற்றங்கரைக்குப் போனோம். கண்ணாடி இடிக்காதபடி கண் வைக்கும் வளையத்தை உள்ளே திருகி இறக்கிவிட்டேன். அக்கா கண்ணாடியோடு குனிந்தாள். எனக்குப் பயமாகிவிட்டது. என் சந்தோஷத்துக்காகவும் “தெரியுதுடா” என்று சொல்லிவிடுவாளோ?

“அய்யய்யோ! குஞ்சு பின்பக்கத்தைத் தூக்கிக் கூட்டுக்கு வெளிய பீச்சுதுடா!”

இதைப் பொய்யாகச் சொல்ல யாருக்கு மாமா தோன்றும்? நான் துள்ளிக் குதித்தேன். அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். “இதுக்குத்தானா அந்த மனுசன் அப்படிக் கூப்புட்டாரு...” என்றவள் அரைமணி நேரம் நிமிரவில்லை.

மாதம் ஒருமுறையாவது அவளை அழைத்துப் போவேன். முதலில் அவள்தான் பார்ப்பாள். “தெரியுதா?” என்று மட்டும் கேட்கவே மாட்டேன், இது சத்தியம்.

அக்காவுக்குப் பின்னால் தன் முறைக்காகக் காத்து நிற்கும்,
உங்கள் மச்சினன் குமரேசன்,
பென்னாகரம்.