ஊர் எழுதிய தாளும் உங்கள் ஊக்கும்

மதினி,

நேற்று ஒரு வழியாக வெயில் வந்தது. இந்த மழைக்கு மட்டாஞ்சேரியில் பூஞ்சை பிடிக்காத பொருளே இல்லை. அலமாரியிலிருந்த காகிதங்களை எடுத்து மொட்டைமாடியில் பரப்பினேன். விவாகரத்துக் கோப்பில் உங்கள் ஊக்கு இன்னும் இருக்கிறது. துருப்பிடித்து, தாளில் பழுப்புக் கறை இறங்கிவிட்டது. உங்களிடம் பேச வேண்டும்போல இருந்தது, எழுதுகிறேன்.

உங்கள் தம்பி என்னை விட்டுப் போனபோது நான் கெஞ்சாத ஆள் இல்லை. அவர் போய் மூன்று வருடம் கழித்து, ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி விடுதலைப் பத்திரம் எழுத வைத்தவர் நீங்கள்தான். ‘இருவரும் மனமொத்துப் பிரிகிறோம்’ என்று முத்திரைத்தாளில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். நம் ஊர்ப்பக்கம் விவாகரத்து அதோடு சரி. கையோடு என்னை இங்கே சுள்ளிக்கல்லில் இருந்த உங்கள் மாவுக்கடைக்குக் கூட்டி வந்துவிட்டீர்கள். புருஷனை விட்ட பிறகு புருஷனின் அக்காவோடு குடித்தனம் நடத்தியவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பிறகு நம் கடைக்கு மாவு வாங்க வந்துகொண்டிருந்த இடக்கொச்சிக்காரர் என்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டார். திருமணத்தைப் பதியப் போனால், ஊர்த்தாள் செல்லாது, கோர்ட்டுத் தீர்ப்பு வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். வக்கீலம்மா காரணங்களை ஒவ்வொன்றாகக் கேட்டார். அடித்தாரா, வேறு பெண் உண்டா, மதம் மாறினாரா, புத்தி சரியில்லையா. எல்லாவற்றுக்கும் நீங்கள்தான் முந்திக்கொண்டீர்கள்.

“அடிக்கல்லாம் மாட்டான் வக்கீலம்மா. அதுக்கு வீட்ல இருக்கணும்லா.”

வக்கீலம்மாவே சிரித்துவிட்டார். காரணமில்லாமல் கைவிட்டுப் போய் இரண்டு வருடம் தாண்டியிருந்தால் அதுவே போதும் என்றார். நாமும் நிம்மதியாகத் திரும்பினோம்.

ஆனால் உங்கள் தம்பி அந்தப் பத்திரத்தையே கோர்ட்டில் கொண்டு வந்து கொடுத்தார். அவள் சம்மதித்துத்தானே பிரிந்தாள், கைவிட்டதாக எப்படிச் சொல்லலாம் என்று வாதம். எனக்கு நல்லது என்று நீங்கள் எழுத வைத்த தாள் எனக்கே குறுக்கே நின்றது. நடந்ததைச் சொல்ல ஒரு சாட்சி வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் ஒருவரும் அசையவில்லை.

சாட்சி சொல்லும் அன்று காலை நீங்கள் சாயாகூடக் குடிக்கவில்லை. கூண்டில் ஏறி, தம்பி இருந்த பக்கம் பார்க்காமலே சொன்னீர்கள்.

“அவன் போயி மூணு வருசம் கழிச்சுத்தான் அந்தத் தாள எழுதினோம். குடும்பத்துப் பேரு கெட்டுரக் கூடாதுன்னு ‘மனமொத்து’ன்னு போடச் சொன்னதே நாந்தான். இவ மனசு ஒத்துக்கிடல. அழுதுக்கிட்டேதான் கையெழுத்துப் போட்டா.”

வராந்தாவில் உங்கள் தம்பி வந்து, “எனக்கு அக்கா செத்துட்டா” என்று சொல்லிவிட்டுப் போனார். நீங்கள் காற்றில் பறந்த தாள்களைப் பொறுக்கி அடுக்கி, முந்தானையிலிருந்து ஊக்கைக் கழற்றிக் குத்தினீர்கள்.

தீர்ப்பு வந்த அன்று பஸ்ஸில், “இனி உங்கள என்னன்னு கூப்பிட?” என்று கேட்டேன்.

“இத்தன நாளு என்னன்னு கூப்ட்ட? மாவு புளிச்சுக் கெடக்கும், எறங்குனதும் வெரசா நட.”

ஆஸ்பத்திரியில் உங்களைச் சேர்த்த அன்று, நர்ஸ் படிவத்தை நீட்டி, நோயாளிக்கு நான் யார் என்று கேட்டாள். தம்பிக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன். அன்றும் வரவில்லை, பிறகு உங்கள் உடலை எடுத்த அன்றும் வரவில்லை. சட்டப்படி நான் உங்களுக்கு யாரும் இல்லையே என்று நான் முழித்துக்கொண்டு நிற்க, பக்கத்திலிருந்த என் இடக்கொச்சிக்காரர், “ஞங்ஙள்டெ மதினியாணு” என்றார், எங்கள் மதினி என்று. நர்ஸுக்கு அந்தச் சொல் புரியவில்லை. அவரே பேனாவை வாங்கி, மலையாள எழுத்தில் ‘மதினி’ என்று எழுதிக் கொடுத்தார்.

நான் இன்னொரு வாழ்க்கை வாழ நீங்கள் கூடப்பிறந்தவனை விட்டீர்கள். அதை நினைக்காமல் நம் கடையை நான் ஒரு நாளும் திறந்ததில்லை, மதினி.

காய்ந்த தாள்களை அடுக்கும்போது இடக்கொச்சிக்காரர் புது ஊக்கு ஒன்றை நீட்டினார். வேண்டாம் என்று சொல்லி, பழைய துளையிலேயே உங்களுடையதைக் குத்தி வைத்தேன்.