எலிசேயோவின் பச்சை விளக்கு

அன்புள்ள மர்லேனி,

எலிசேயோ இறந்துவிட்டான், கடையின் கம்ப்யூட்டர் சர்வர் மட்டும் அதை நம்ப மறுக்கிறது. நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

அதில் பில் போட எங்களுக்கு அனுமதி தரும் அதிகாரம் என் கூட்டாளியான அவனிடம் மட்டுமே இருந்தது. மாதம் பிறந்ததும் எல்லோருடைய அனுமதியும் காலாவதியாகி, பில் இல்லாததால் சரக்கு கொலோன் துறைமுகத்திலேயே கிடக்கிறது. சரிசெய்ய வந்த யாதிரா திரையைப் பார்த்துச் சிரித்தாள்.

"கூட்டாளி உள்ளதானே இருக்காரு, டோன் ராமிரோ? அவரையே கேளுங்களேன்!"

அவன் பெயருக்குப் பக்கத்தில், ஆள் உள்நுழைந்திருப்பதைக் காட்டும் பச்சை விளக்கு எரிந்தது.

நேரே அவன் வீட்டுக்குப் போனேன். அவன் ஆத்மாவுக்காகப் போட்ட ஜெப மேடையருகே அவன் மனைவி சொராய்தா, மடியில் அவனுடைய லேப்டாப், அவன் கணக்கு இன்னும் திறந்தபடியே.

"இந்தப் பச்சை விளக்கு எரிஞ்சா அவரு கடைக்குப் போயிருக்காருன்னு தோணுது, கும்பாத்ரே. ஒன்பது ராத்திரி ஜெபம் முடியிறதுக்குள்ள அவரு இடத்துல கை வைக்காதீங்க."

"செத்தவனா சரக்கு இறக்குவான்?" என்று நாக்கு நுனிவரை வந்தது.

என் கறுப்புச் சட்டையையும் கொஞ்சம் காப்பிப்பொடியையும் அனுப்பு. பகலில் கடைக்கு ஃபோன் செய். மணிச் சத்தமாவது கேட்கட்டும்.

துறைமுகத்துக்கு ஓடவேண்டும். சொராய்தாவோடு பேசி முடித்தது இதுதான்: ஜெபம் முடியும்வரை எங்களுக்கு அனுமதியை எலிசேயோ பெயரில் அவளே தருவாள், அதன்பின் அதிகாரம் எனக்கு, பச்சை விளக்கு அவளுக்கு.

ராமிரோ