மூன்றாவது முருகேசன்

18-1-88, திங்கள்
நல்ல பனி. பொங்கல் லீவு முடிந்து திண்டிவனத்தில் விழுப்புரம் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. விஜயா வழக்கம்போல ஜன்னல் வழியாகக் கர்சீப் போட்டு எனக்கும் சீட் பிடித்திருந்தாள். கரும்பு ஆலை ஆபீசில் என்னைச் சேர்த்துவிட்டதும் அவள்தான். கம்ப்யூட்டர் புரோகிராம் அவள் எழுதியது. விவசாயிகள் பெயரை அடிப்பது என் வேலை. பட்டியல் முடிந்ததும் பர்மனென்ட் என்கிறார் மேனேஜர். ஆகிவிட்டால், வீட்டில் மாப்பிள்ளை பார்ப்பதை ஒரு வருஷமாவது தள்ளிப்போடச் சொல்வேன். மாப்பிள்ளை பார்க்கும் விஷயத்தை ஆபீசில் விஜயாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன்.

வாங்க: தைலம், ஊக்கு, மல்லாட்டை (உரிக்காத கடலை) ஒரு படி.

19-1, செவ்வாய்
திருவெண்ணெய்நல்லூர் பக்கம் ஒரே ஊரில் ஏழு முருகேசன். நாலு பேருக்கு இனிஷியலும் ஒன்று. கரும்பு வெட்ட ஆலை தரும் வெட்டு உத்தரவு ஆள் மாறிப் போனால் அடிதடிதான். அப்பா பேர், கரும்புக் கொல்லை பேர் எல்லாம் சேர்த்துப் போடச் சொல்லி விவசாயிகளே வந்து நிற்கிறார்கள். அவ்வளவு நீளம் அடிக்கலாமா என்று வி.யிடம் கேட்டேன். "எவ்ளோ வேணா அடி, ஒண்ணும் ஆவாது."

20-1, புதன்
இரண்டு முருகேசன் சரியாகப் போனார்கள். மூன்றாவது ஆளுக்கு ஊர், கிணற்றுமேட்டுக் கொல்லை, அப்பா பேர் என்று இங்கிலீஷில் நீளமாக அடித்தேன். மெஷின் நின்றுவிட்டது. அணைத்துப் போட்டால் பட்டியலே இல்லை. இரண்டு மாத வேலை. வெளியே உத்தரவு கேட்டுக் கூட்டம், கரும்பு காயுதே என்று சத்தம்.

மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். வி. என் பக்கம் திரும்பவே இல்லை. "முப்பது எழுத்துக்கு மேல அடிக்காதன்னு மொதல்லயே சொன்னேன் சார்" என்றாள்.

21-1, வியாழன்
என்னைத் தபால் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். ஸ்டாம்பு ஒட்டும் வேலை. டிராயரைக் காலி செய்யும்போது வி.யின் பழைய நோட்டு. அவள் கையெழுத்து: 'பெயர் முப்பது எழுத்தைத் தாண்டினால் பட்டியல் போய்விடும். அப்புறம் சரிசெய்ய வேண்டும்.' போன ஆகஸ்ட் தேதி போட்டிருந்தது. நான் சேர்ந்ததே நவம்பரில்.

பஸ் ஸ்டாண்டில் வி.யிடமே கேட்டேன். மழுப்புவாள் என்று நினைத்தேன்.

"தெரியும். உனக்கு மாப்ள பாத்துக்கினு இருக்காங்க, எப்படியும் வேலைய உட்டுட்டுப் போவ. எனக்கு இத உட்டா என்னா இருக்கு?"

மாப்பிள்ளை விஷயத்தை அவளிடம் போய்ச் சொன்னேனே. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

22-1, வெள்ளி
நோட்டிலிருந்து அந்தத் தாளைக் கிழித்து மேனேஜரிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தார்.

"நீ சொல்றது நெஜந்தாம்மா. அவ கோவிச்சிக்கினு போயிட்டா இந்த மெஷினை யாரு பாக்கறது?"

நாலாக மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார்.

சாயங்கால பஸ்ஸில் வி. தன் பக்கத்து சீட்டில் கர்சீப் போட்டு வைத்திருந்தாள். திண்டிவனம் வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன். அவளும் அதை எடுக்கவில்லை.