குப்பைத் தொட்டி இருந்த இடம்

ஹோபார்ட்,
அக்டோபர் 9

அன்புள்ள கிளைவ்,

இங்கு நான் நலம். அண்டார்டிகா பனியில் நீயும் சளி பிடிக்காமல் இருப்பாய் என்று நம்புகிறேன். திங்களன்று புறப்படும் கப்பலில் இந்தக் கடிதம் வருகிறது. அதே கப்பலில் வீடு திரும்புவதா, இன்னொரு குளிர்காலமும் அங்கேயே ஜெனரேட்டரோடு குடித்தனம் நடத்துவதா என்று கேட்டிருந்தாய். போனில் "உன் இஷ்டம்" என்றேன். உன் பின்னால் நான்கு பேர் போனுக்காக வரிசையில் நிற்கும்போது வேறு என்ன சொல்வது? அதைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் தோட்டம். நேரில் காட்டலாம் என்று இத்தனை மாதம் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

போன வருடம் நீ நட்டுவிட்டுப் போன தக்காளி வழக்கம்போல் பழுக்கவில்லை. எல்லாம் பச்சையாகவே ஊறுகாய்க்குப் போனது. ஜனவரியில் பக்கத்து வீட்டு பைபஸ் வேலியோரம் வந்து நின்றார். "ஏம்மா ராஸ்லின், உன் வீட்டுக்காரன் பதினோரு வருஷமா தக்காளிக்கு நிழல் விழுதுன்னு என் பேரி மரத்தைத் திட்டிக்கிட்டே இருக்கான். எனக்கும் எண்பத்திரண்டு ஆச்சு, ஏணி ஏற முடியல. ஆள் சொல்லிட்டேன், வர்ற வியாழக்கிழமை வெட்டிடலாம்" என்றார். மரத்தைப் பார்க்காமல் என் துணிக்கொடியையே பார்த்துக்கொண்டு சொன்னார். அது அவர் மனைவி எட்னா நட்ட மரம், உனக்கே தெரியும். வியாழன் வரை பொறுங்கள், யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை துணிக்குப் போடும் கிளிப்புகளை எடுத்துக்கொண்டு கொல்லையில் உட்கார்ந்தேன். காலை எட்டு மணியிலிருந்து மணிக்கொரு தரம், வெயில் முடியும் ஓரமெல்லாம் கிளிப்பைக் குத்திவைத்தேன். உன் தக்காளிப் பாத்திக்குக் கிடைத்தது மொத்தம் ஒன்றரை மணி நேரம். மீதி நேரம் அதில் விழுந்தது பேரி மரத்தின் நிழல் இல்லை, நீ கட்டிய கராஜின் நிழல். கேட்டருகே நம் குப்பைத் தொட்டிகள் மூன்றும் ஏழு மணி நேரம் சுகமாக வெயில் காய்ந்தன.

பைபஸிடம் சொன்னபோது இருமல் வரும்வரை சிரித்தார். "அப்ப இத்தனை வருஷமா குப்பையைத்தான் வெயில்ல வளத்திருக்கான். மரம் இருந்துட்டுப் போகட்டும்மா. வந்தா திட்டறதுக்கு அவனுக்கும் ஒண்ணு வேணும்ல" என்றார். வெட்ட வந்தவனுக்கு டீ கொடுத்து அனுப்பிவைத்தோம்.

நிழலோடு சண்டை போடுவதை அன்றோடு விட்டேன். கராஜ் சுவருக்கு வெள்ளையடித்தேன், கொஞ்சம் வெளிச்சம் திரும்பி விழட்டும் என்று. மரத்தடியில் லெட்டூஸ், பசலை, கொத்தமல்லி. வேலியோரம் பட்டாணி. நீங்களெல்லாம் அங்கே விளக்கடியில் வளர்த்து, சனிக்கிழமை ஆளுக்கு இரண்டு இலை பங்கு போடும் லெட்டூஸ் இங்கே ஒரு முழ அகலம் விரிந்து கிடக்கிறது. நத்தைகளைப் பிடிக்க உன் பீரைத்தான் கிண்ணத்தில் ஊற்றி வைக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. பைபஸுக்கும் தபால்காரப் பெண்ணுக்கும் கொடுத்தது போக மீதியை ஒருத்தியாக உட்கார்ந்து சாப்பிடுகிறேன். ஒருத்திக்கு அது ரொம்ப அதிகம்.

குப்பைத் தொட்டிகளைக் கராஜ் பின்னால் தள்ளிவிட்டேன். அவை இருந்த இடத்தைக் கொத்தி, உரம் போட்டு, காலியாக வைத்திருக்கிறேன். "வெயிலை வீணாக்கறியேம்மா, நாலு உருளைக்கிழங்காவது போடேன்" என்று பைபஸ் தினமும் எட்டிப் பார்க்கிறார். அது கிளைவின் இடம் என்று சொல்லிவிட்டேன். இந்த மாதக் கடைசியில் விவசாயக் கண்காட்சிக்கு விடும் விடுமுறையன்று ஊரே தக்காளி நடும், நான் மட்டும் நடப்போவதில்லை. கப்பல் திரும்ப நவம்பர் பாதியாகிவிடும். ஆகட்டும், நம் வீட்டில் தக்காளி என்றைக்கு நேரத்துக்குப் பழுத்தது?

போனில் "உன் இஷ்டம்" என்றேனே, அது பொய்.

ஆறு தக்காளி நாற்று வாங்கிச் சமையலறை ஜன்னலில் வைத்திருக்கிறேன். நவம்பரைத் தாண்டினால் அந்தச் சின்னத் தொட்டிகளில் நிற்காது. பார்த்துச் செய். வருகிற வழியெல்லாம் கடல் அடங்கி இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் ராஸ்லின்